காப்புறுதி அட்டையும் வாப்பாவின் இடது காதும்

மகள், ஸலாம். கடிதம் என்றால் முதலில் நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டுமென்றுதான் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தந்தார்கள். அந்த வரியை நான் இங்கே எழுதப் போவதில்லை. என் நலத்தைப் பற்றித்தான் நீயும் உம்மாவும் இத்தனை நாளாகப் போனில் கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கதையில் எனக்குச் சேர இடமில்லை. திருகோணமலையிலிருந்து நீ கதைத்தால் போத்தலுக்குள் ஈ பறக்கிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது, அதற்கு மேல் ஒன்றும் விளங்குவதில்லை. உம்மா நடுவில் நின்று எனக்குச் சொல்கிறாள். அவளுக்குப் பிடித்ததைச் சத்தமாகவும் பிடிக்காததை மெதுவாகவும் சொல்கிறாள். ஆகவே எழுதுகிறேன். சாதாரணதரப் பரீட்சையில் தமிழ் மட்டும் பாஸான மனிதன் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசி. வேறு யாரும் எடுத்து வாசித்தாலும் எனக்குக் கூச்சமில்லை. ஊருக்கே தெரிந்துபோன பிறகு கூச்சப்பட்டு என்ன செய்ய?

வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடு நடத்துவதென்று நாள் வைத்த உன் காவினை, கலியாண எழுத்தை, அடுத்த வருசத்துக்குத் தள்ளிப் போடுவோம் என்று நீ சொன்னதாக உம்மா சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். நீ அரசாங்க உத்தியோகத்தர். உன் வைத்தியக் காப்புறுதியில் கலியாணம் முடிக்கும் வரைக்கும்தான் தாய் தகப்பனுக்கு இடம். காவின் எழுதினால் எங்கள் பெயரை வெட்டிவிட்டு மாப்பிள்ளையின் பெயரைப் போட வேண்டும். வாப்பாவின் காது ஒப்பரேசன் முடியாமல் வாப்பாவின் பெயரை என் கையால் வெட்டமாட்டேன் என்று நீ அழுதாயாம். அழுததை உம்மா மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் அது எனக்குக் கேட்டுவிட்டது. இந்தக் கடிதம் அதற்குப் பதில். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தள்ளிப்போட வேண்டாம். ஏன் என்பதை ஆறுதலாகச் சொல்கிறேன். கடையில் இன்றைக்கு வியாபாரமும் இல்லை.

இந்தக் காது எப்போது மந்தமானது என்று எனக்கே சரியாகத் தெரியாது. மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை நடத்துகிறவனுக்குச் சத்தம் பழகிப்போன விசயம். யாராவது கடை வாசலில் எஞ்சினை முறுக்கிக் காட்டாத நாள் இல்லை. காது கடித்தால் கையில் கிடைக்கிற சாவியை விட்டுக் குடைவேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே, “வாப்பா காத ஸ்டார்ட் பண்ணுறார்” என்று சிரிப்பாய். அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன். அப்படிக் குடைந்து குடைந்துதான் இடது காதின் உள்ளே இருக்கிற மெல்லிய தோலில் ஓட்டை விழுந்தது என்பதை டொக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வலது காதில் ஓட்டை இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் படுத்தால் தானும் படுத்துக்கொள்கிற மாதிரி அதுவும் கொஞ்சம் சோர்ந்துவிட்டது.

காது கேட்காதவனை ஊர் செவிடன் என்றுதான் சொல்லும் என்று நீ நினைப்பாய். எனக்கு நடந்தது வேறு. பின்னால் இருந்தால் குத்பாப் பிரசங்கம் விளங்கவில்லை என்று நான் வெள்ளிக்கிழமைகளில் நேரத்தோடு போய் முதல் சஃப்பில், முன் வரிசையில், மிம்பர் மேடைக்கு நேரே உட்காரத் தொடங்கினேன். பிறகு நோன்பு காலத்துத் தராவீஹ் தொழுகையிலும் அங்கேதான். இமாம் தக்பீர் சொல்வது கேட்காவிட்டால் எல்லாரும் குனிந்து ருகூஉக்குப் போன பிறகும் நான் மட்டும் நட்ட கம்பு மாதிரி நின்றுகொண்டிருப்பேனே, அந்தப் பயம். ஊர் என்ன சொன்னது தெரியுமா? மனுசன் திருந்திவிட்டான், முதல் சஃப்பை விடுகிறானில்லை என்றது. கடையில் ஆட்கள் விலை குறைத்துக் கேட்பது எனக்குக் கேட்பதில்லை. கேட்காததால் நான் குறைப்பதில்லை. அதற்கு, ஒரே விலைக்காரன், ஹலாலான வியாபாரி என்று பெயர் வந்தது. கடைசியில் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்கும் என்னைப் பிடித்துப் போட்டார்கள். கூட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருப்பேன். சண்டை பிடிக்காத ஒரே உறுப்பினர் என்று அதற்கும் புகழ்ந்தார்கள். இவ்வளவு கண்ணியத்தோடு ஒரு மனிதன் செவிடாக முடியும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

சிரி. ஆனால் இதில் சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. சாய்ந்தமருதிலிருந்து உன்னைக் கேட்டு வந்தார்களே, அவர்கள் முதலில் விசாரித்தது உன்னையல்ல, என்னை. முதல் சஃப் மனுசனின் பிள்ளை என்று கேள்விப்பட்டுத்தான் வந்தோம் என்று மாப்பிள்ளையின் வாப்பா எங்கள் ஹோலில் இருந்துகொண்டு சொன்னார். அவர் மீன் வாடி வைத்திருந்தவர், அவர் கதைப்பது கல்முனைச் சந்தை வரைக்கும் கேட்கும். ஆகவே அது எனக்கு நன்றாகக் கேட்டது. மாப்பிள்ளை அதற்கு நேர் மாறு. பாமசியில் நின்று, ஆட்கள் வெட்கப்பட்டுக் கேட்கிற மருந்துகளையெல்லாம் மற்றவனுக்குக் கேட்காமல் எடுத்துக் கொடுத்துப் பழகியவர். அன்றைக்கு அவர் என் பக்கத்தில் இருந்து நெடுநேரம் கதைத்தார். நான் ஓம், ஓம் என்றேன். அவர் போன பிறகு உம்மா, “புள்ளட பேச்சு எப்படி?” என்று கேட்டாள். “நல்ல பேச்சு” என்றேன். ஒரு சொல் எனக்கு விளங்கியிருந்தால் கேள்.

நீ ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு வந்து பின்னால் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் முன்னால் வந்து நின்றாயே, அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விசயம் உறைத்தது. அன்றைக்கே உன் காப்புறுதி அட்டையின் பிரதியை எடுத்துத் தந்து, “இது செல்லுற டொக்டரப் பாருங்க வாப்பா, காசப் பத்தி யோசிக்காதீங்க” என்றாய். அந்த டொக்டரைத் தேடி நாங்கள் அலைந்த கதையை உம்மா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பாள். மீதியில் அவள் சண்டை பிடித்தாள் என்பதால் விட்டிருப்பாள்.

முதலில் கல்முனையில், காசு கட்டி டொக்டரைக் காட்டுகிற ஒரு சனல் சென்டருக்குப் போனோம். காது மூக்கு தொண்டை டொக்டர் வெளியூரிலிருந்து கிழமைக்கு ஒரு தரம் வருவார் என்றார்கள். நான் பிரதியை மேசையில் வைத்தேன். அங்கிருந்த பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, பின்பக்கத்தில் ஏதோ கூடுதலாக எழுதியிருக்கும் என்று நம்பின மாதிரி. பிறகு ஏதோ சொன்னது. நான் உம்மாவைப் பார்த்தேன்.

“காசக் கட்டிப் பாக்கட்டாம். பில் துண்ட எடுத்துட்டுப் போய் நாமதான் பொறகு காச எழுதி வாங்கணுமாம்” என்றாள் உம்மா. அதோடு விடவில்லை. அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பி, “அப்ப இந்த அட்ட என்னத்துக்குகா? விசிறவா?” என்றாள்.

“எனக்கிட்டக் கேட்டா நான் என்னத்தச் சொல்ற ராத்தா? ஆஸ்பத்திரில தங்கினாத்தான் இந்த அட்டைக்கு நேர குடுப்பாங்க. சும்மா வந்து காட்டிட்டுப் போறத்துக்கு இல்ல.”

“அப்ப இவர இஞ்ச தங்க வைங்க. வீட்டயும் இவர் தங்கி மட்டும்தான் இரிக்கார்.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாரும் ஒன்றாகச் சிரித்ததால் எனக்கும் கேட்டது, நானும் சிரித்தேன். என்ன பகிடி என்று வெளியே வந்த பிறகுதான் உம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் ஏறாத வாசல் இல்லை. ஒரு இடத்தில் அட்டையை எடுப்போம், ஆனால் இந்த டொக்டர் எடுக்கமாட்டார் என்றார்கள். இன்னொரு இடத்தில் டொக்டர் எடுப்பார், இங்கே ஒப்பரேசன் வசதி இல்லை என்றார்கள். இங்கே ஒரு விசயத்தை உனக்குச் சொல்லித் தருகிறேன், நாளைக்கு உன் பிள்ளைக்கு உதவும். “அட்ட எடுப்பீங்களா?” என்று கேட்டால் யாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். எந்தச் சிகிச்சைக்கு எடுப்பீர்கள், முன்னால் நான் கட்ட வேண்டுமா நீங்களே அறவிடுவீர்களா, இந்த டொக்டர் அதற்குச் சம்மதமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இது எனக்குப் படிப்பால் வரவில்லை. மட்டக்களப்பு பஸ்ஸில் போய் வந்து போய் வந்து இடுப்பு நோவில் வந்தது.

கடைசியில் மட்டக்களப்புப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று கேள்விக்கும் ஓம் என்றார்கள். டொக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. எங்கள் கரைக்கு வேலைக்கு வந்து தமிழ் படித்திருக்கிறாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, நிறுத்தி, சத்தமாகச் சொல்வாள்; என்னை அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்று கூப்பிடுவாள். மகள், இத்தனை வருசத்தில் ஒரு ஆள் கதைத்த கதை முழுவதும் எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். எல்லாரும் தமிழை இப்படிக் கதைத்தால் எனக்கு ஒப்பரேசனே தேவைப்படாது.

“நானா, காது உள்ள ஓட்டை இருக்கு. நீங்க என்ன போட்டது?”

“சாவி” என்றேன்.

“என்ன சாவி?”

“மோட்டார் சைக்கிள் சாவி.” இதை உம்மா சொன்னாள். “வீட்டுச் சாவிய நான் குடுக்கிறல்ல.”

டொக்டர் சிரிக்கவில்லை. தோலை ஒட்டித் தைக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் காதுக்குள் ஈரம் இருக்கிறது, துளி மருந்து விட்டு அது நன்றாகக் காய வேண்டும், காயாமல் கத்தி வைக்கமாட்டேன் என்றாள். ஒப்பரேசன் முடிந்தாலும் உடனே கேட்காதாம், உள்ளே ஆறித்தான் மெல்ல மெல்லத் திரும்புமாம். எப்படிக் கணக்குப் பார்த்தாலும் உன் காவினுக்கு முன்னால் நடக்காது. காவினுக்குப் பின்னால் என்றால் அட்டை இல்லை. இதைத்தான் உம்மா அன்று இரவே உனக்குப் போனில் சொன்னாள். இதைக் கேட்டுத்தான் நீ காவினைத் தள்ளச் சொன்னாய்.

உம்மா உனக்குச் சொல்லாதது இனித்தான் வருகிறது. அடுத்த முறை மருந்து விடப் போனபோது நான் அந்த டொக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மகளுக்குக் கலியாணம், அதோடு இந்த அட்டை முடிகிறது, அவள் கலியாணத்தைத் தள்ளப் பார்க்கிறாள் என்றேன். அவள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நானா, நான் காலைல எங்க வேலை?”

“தெரியா டொக்டர்.”

“அரசாங்க ஆஸ்பத்திரி. அங்க கிளினிக் நான் தான். ஒப்பரேசன் நான் தான். இதே கை.” இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். “அங்க காட் வேணாம். காசு வேணாம். கொஞ்சம் லேட். அவ்வளவுதான். காது ஓடாது. மகள் கல்யாணம் ஏன் நிப்பாட்டுறது?”

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நாங்கள் ஏன் போகவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். நீ உத்தியோகத்தர் ஆனதிலிருந்து, நான் அந்த நீட்டு வாங்கில் வரிசையோடு போய்க் குந்துவது உனக்குக் குறைச்சல் என்று நினைத்தேன். வாப்பாவை அந்த வாங்கில் குந்தவைத்தால் குறைச்சல் என்று நீ நினைத்தாய். ஆளுக்காள் மரியாதை பண்ணி, இருந்த டொக்டரையே இத்தனை ஊரில் தேடியிருக்கிறோம். அடுத்த கிளினிக் நாளில் விடியச் சுபஹுத் தொழுத கையோடு போய் நம்பர் எடுத்தேன். வாங்கில் எனக்குப் பக்கத்தில் தம்பிலுவிலிலிருந்து வந்த ஒரு மீன்பிடிக்காரர். அவருக்கும் காதுதான். ஒருவருக்கொருவர் கேட்காமலே மத்தியானம் வரைக்கும் நல்லாகக் கதைத்துக்கொண்டிருந்தோம். என் பெயரை ஒப்பரேசன் வரிசையில் போட்டாகிவிட்டது. உன் காவினுக்குப் பிறகுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும்.

இனி மிச்சமாக இருந்தது காவின் நாள். அதை நினைத்துத்தான் நான் உள்ளுக்குள் கொஞ்சம் தளர்ந்திருந்தேன். நான் உன் வலி, உன்னைக் கட்டிக் கொடுக்கிற பொறுப்பாளி. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து என் மகளைத் தந்தேன் என்று நான் சொல்ல வேண்டும், ஏற்றுக்கொண்டேன் என்று அவர் சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்காமல் கையை விட எனக்கு மனமில்லை. மௌலவியிடம் போனேன். சாட்சிகள் கேட்டால் போதும், உங்களுக்குச் சிரமமென்றால் உங்களுக்குப் பதிலாகச் சொல்ல இன்னொருவருக்கு வகாலத் கொடுக்கலாம் என்றார். அதை அவர் என் காதுக்குள் சொல்ல வேண்டி வந்ததால், எதற்காக நான் முதல் சஃப்பில் இருக்கிறேன் என்பதையும் அவருக்குச் சொல்லிவிட்டேன். சபைக்காரர்களுக்கும் சொன்னேன். ஒருத்தர், “அப்ப போன கூட்டத்தில மினாராவுக்குப் பச்ச பெயிண்ட் அடிக்க நீங்க தலயாட்டினது?” என்று கேட்டார். “அடிச்சிட்டீங்களா?” என்றேன். பள்ளியே சிரித்தது.

அடுத்தது சம்பந்தி வீடு. நான் பயபக்தியான மனிதன் என்று நம்பிப் பெண் கேட்டவர்கள். உண்மையைச் சொல்லாமல் கலியாணம் வைக்க எனக்கு முடியாது. உம்மாவைக் கூட்டிக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனேன். ஹோலில் மாப்பிள்ளை, அவருடைய வாப்பா, அவருக்கு மூத்தவரான காக்கா மூவரும் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன்: சாவி, சஃப், அட்டை, நீ காவினைத் தள்ளச் சொன்னது, எல்லாம். சம்பந்தி கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மச்சான், காது கேக்காம முதல் சஃப்புக்குப் போனீங்க. கேக்கிறவன் நான் கடைசிச் சஃப்புக்கும் ஒழுங்காப் போறல்ல. இதுல ஆரு ஆரிட்ட மன்னிப்புக் கேக்கிற?” என்றார்.

மனப்பாரம் இறங்கியது. பாரம் இறங்கியவுடன் எனக்குப் புத்தியும் இறங்கிவிட்டது. மாப்பிள்ளையின் குரல் எனக்குக் கேட்குமா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும் என்று ஒரு அவசரம் வந்தது. அவரைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினேன். வலது கையைப் பிடித்தேன். “மகன், அண்டைக்குச் சொல்ற மாதிரியே சொல்லுங்க, எனக்குக் கேக்குதா பாப்பம்” என்று சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமி, “எனது மகளை உங்களுக்கு” என்று தொடங்கினேன்.

“மச்சான், நிப்பாட்டுங்க!” என்று சம்பந்தி போட்ட சத்தத்தில் கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. அவர் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். காக்கா மாப்பிள்ளையின் கையை என் கையிலிருந்து பிடுங்கினார். உம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க வலி, இவன் மாப்பிள, நாங்க ரெண்டு பேரும் சாட்சி. நீங்க சொல்லி இவனும் ஏத்தா காவின் இஞ்சயே முடிஞ்சிரும் மச்சான்! விளையாட்டுக்குச் சொன்னாலும் நிக்காஹ் நிக்காஹ்தான்!”

முடிந்திருக்கும், மகள். திருகோணமலைக் கந்தோரில் நீ கோப்பு பார்த்துக்கொண்டிருக்க, சாய்ந்தமருதில் உனக்குக் கலியாணம் நடந்து முடிந்திருக்கும். மஹர் பேசவில்லை, சாப்பாடு இல்லை, புடவைகூட எடுக்கவில்லை. முதல் சஃப்பில் இத்தனை வருசம் இருந்து நான் படித்த மார்க்கம் அவ்வளவுதான். உம்மா பஸ்ஸில் வரும்போது என் பக்கம் திரும்பவேயில்லை. எங்கள் ஊரையும் தாண்டிக் கல்லாறு வரைக்கும் போக வேண்டிய பஸ் என்பதால், என்னோடு இறங்காமல் அப்படியே போய்விடுவாளோ என்று பயந்துகொண்டுதான் இருந்தேன்.

ஆனால் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு சம்பந்தி சொன்னார், அந்தச் சொல் வேண்டாம், வேறு எதையாவது சொல்லிப் பார்க்கட்டும் என்று. மாப்பிள்ளை எழும்பி எனக்குப் பின்னால் போய், கதவு நிலைக்குப் பக்கத்தில் நின்றார். நான் அவர் வாயைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லையா, சொல்லி எனக்குக் கேட்கவில்லையா என்று தெரியாமல் அப்படியே இருந்தேன். இதற்கு முன்னால் எந்தத் தொழுகையிலும் அவ்வளவு ஓர்மையாக நான் இருந்ததில்லை.

பிறகு கேட்டது. பாமசியில் யாருக்கும் கேட்காமல் கதைக்கிற அந்தப் பிள்ளை, தன் வாப்பாவைப் போலவே தொண்டை திறந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்:

“மாமா, தேதிய மாத்தாதீங்க.”

ஒரு சொல்லும் விடாமல் கேட்டது, மகள். கந்தோரில் எங்கள் பெயரை வெட்டிவிட்டு, அந்தப் பிள்ளையின் பெயரை எழுது.

உன் வாப்பா